மோட்டார் விளக்கில் பச்சைப் பாசி!

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு காலை வேளையில், வாசலில் நிற்கும் உங்கள் வீட்டுக் காரைச் சற்றே குனிந்து பாருங்கள். பின்பக்கத்துச் சிவப்பு விளக்கும் தகரமும் சேருகிற இடத்தில், மை தீட்டியதுபோல் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று ஓடுகிறதா? அது அழுக்கு அல்ல. கிணற்றடியில் வழுக்குகிறதே, அதே பாசிதான்!

“திண்டுக்கல் காய்ந்த சீமை ஆயிற்றே, இங்கே பாசிக்கு என்ன வேலை?” என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானதுதான். சிறுமலைக்கும் கொடைக்கானல் மலைக்கும் நடுவே கிடக்கும் இந்தச் சமவெளியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பாசிக்குக் குளம் வேண்டியதில்லை. கொஞ்சம் ஈரம், கொஞ்சம் வெளிச்சம், ஒட்டிக்கொள்ளச் சிறிது தூசி, இவை போதும். அதன் வித்துக்கள் காற்றிலேயே மிதந்து வருகின்றன. விளக்கைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டைக்கு அடியில் மழைநீர் தங்கி நிற்கிறது. வேப்பமரத்து நிழலிலோ, வெயில் படாத சந்திலோ வண்டியை நிறுத்தினால் அந்த ஈரம் உலர்வதே இல்லை. பங்குனி வெயிலில் பாசி கருகி, கறுப்புப் பொருக்காகிவிடும். செத்தது சனியன் என்று எண்ணிவிடாதீர்கள். அடுத்த மழையில் மறுபடியும் பச்சை பிடித்துவிடும்.

“காரைத் துடைப்பது அவர் பாடு” என்று ஒதுங்கவேண்டாம், சகோதரிகளே. இன்று உங்களில் எத்தனையோ பேர் நீங்களே ஓட்டுகிறீர்கள். ஓட்டாதவர்களும் குழந்தைகளோடு அதில்தான் போகிறீர்கள். பின்விளக்கின் சிவப்பு வெளிச்சம் 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரியவேண்டும் என்று 1989-ஆம் வருடத்து மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறுகிறீர்கள். பாதி வழியில் மூடுபனி இறங்குகிறது. பின்னால் வரும் பஸ்காரருக்கு நீங்கள் இருக்கிறீர்கள் என்பதற்கு அந்தச் சிவப்புப் பொட்டு ஒன்றுதான் அடையாளம். அதன் மேல் பாசியும் தூசியும் திரை போட்டிருந்தால்?

சரி, கையை வைக்குமுன் ஒரு பரீட்சை. ஈரத்துணியால் விளக்கை ஒருமுறை தேயுங்கள். துணியில் பச்சை வந்தால் பாசி. துணி சுத்தமாகவே இருந்து, முகவிளக்கு மட்டும் பழுப்பேறிய மூக்குக்கண்ணாடிபோல் மஞ்சளாய் மங்கியிருந்தால், அது வேறு வியாதி. 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடர் வண்டிக்கு முகவிளக்கு அசல் கண்ணாடி. இப்போதைய கார்களுக்கோ பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். அதன் மேல் வெயிலைத் தாங்க ஒரு மெல்லிய பூச்சு உண்டு. வருஷக்கணக்கில் வெயில் பட்டு அது தேய்ந்தால் மஞ்சள் விழும். அதற்கு நீர்க்காகிதத்தால் இழைத்து, மெருகேற்றி, புதுப் பூச்சுக் கொடுக்கவேண்டும். தெரிந்த கை செய்யவேண்டிய காரியம் அது. பற்பசையைத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்பார்கள், ஆகும், வாஸ்தவம். ஆனால் மிச்சமிருக்கும் பூச்சும் போய், சில மாதங்களில் முன்னைவிட மோசமாகும்.

பாசிக்கு அத்தனை பாடு இல்லை. காலையிலோ மாலையிலோ, விளக்கு சூடாக இல்லாதபோது, முதலில் நிறையத் தண்ணீர் விட்டு மணலையும் தூசியையும் அலசிவிடுங்கள். அலசாமல் தேய்த்தால் அந்த மணலே கீறிவிடும். பிறகு ஊறுகாய்க்கு வாங்கி வைத்திருக்கும் வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, பழந்துணியில் நனைத்து, பச்சைக் கோட்டின் மேல் பத்து நிமிஷம் ஒட்டி வையுங்கள். பாசி இளகிவிடும். இடுக்குகளுக்குப் பழைய பல்துலக்கும் பிரஷ், அதுவும் மிருதுவானதாக, போதும். அப்புறம் சோப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர், உலர்ந்த துணி. ஆழ்குழாய் உப்புத் தண்ணீரானால் கட்டாயம் துடைத்துவிடுங்கள். தானாகக் காயவிட்டால் வெள்ளைத் திட்டு விழும்.

எங்கள் பெரியம்மா ஒருத்தி, அண்டாவையும் தவலையையும் தங்கம்போல் வைத்திருப்பவள், பேரனின் காரைத் தேங்காய் நாரும் சாம்பலும் கொண்டு ஒரு கை பார்த்தாள். பாசி போயிற்று. விளக்கின் பளபளப்பும் கூடவே போயிற்று! பித்தளைக்கு ஆகிறது பிளாஸ்டிக்குக்கு ஆகாது. இரும்பு நாரும் வேண்டாம். பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு அழிக்கும் திரவம் இவற்றைத் தொடவே வேண்டாம். பிளாஸ்டிக்கில் சிலந்தி வலைபோல் வெடிப்பு ஓடிவிடும். பிளீச்சிங் பவுடர் பாசியைக் கொல்லும்தான், பக்கத்துப் பெயிண்டையும் தகரத்தையும் சேர்த்து அரிக்கும்.

பாசி உள்ளே இருந்தால்? அங்கேதான் சங்கடம். விளக்கு எரியும்போது உள்ளே காற்று விரிந்து வெளியேறுகிறது. அணைந்து குளிரும்போது வெளிக்காற்றை இழுக்கிறது. இதற்கென்றே கூட்டில் சிறு மூச்சுத் துவாரம் வைத்திருக்கிறார்கள். மழை நாளில் உள்ளே லேசாக ஆவி படிந்து, விளக்கைப் போட்டதும் மறைந்தால் பயமில்லை. தண்ணீர் தேங்கி நின்றால் எங்கோ வெடிப்பு, அல்லது ரப்பர் பட்டை செத்துவிட்டது என்று அர்த்தம். பூட்டுக்குப் பேர்போன ஊரில், 2019-இல் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் வாங்கிய ஊரில், விளக்குக் கூடு இப்படித் திறந்து கிடக்கலாமா!

திருகாணி போட்ட பழைய மாதிரிப் பின்விளக்கானால், மெக்கானிக்கைக் கொண்டு பாட்டரி இணைப்பைக் கழற்றி, மூடியைத் தனியே எடுத்துக் கழுவி, நிழலில் முழுக்க உலர்த்தி, புதிய ரப்பர் பட்டை போட்டு மாட்டச் சொல்லுங்கள். உள்ளேயிருக்கும் பளபளப்பான முலாம் பூசிய கிண்ணத்தைத் தேய்க்கவிடாதீர்கள். முலாம் உரிந்தால் வெளிச்சம் பாதியாகும். முகவிளக்கின் ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொடக்கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூடேறி, பல்பு சீக்கிரம் போய்விடும். ஒட்டி மூடிய எல்.ஈ.டி. விளக்குகளை வீட்டில் பிரிக்க நினைக்கவேண்டாம். அந்த மூச்சுத் துவாரத்தைப் பசை வைத்து அடைக்கிறேன் என்று யாராவது வந்தால் தடுத்துவிடுங்கள்; அடைத்தால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியிராது.

எல்லாம் மாட்டியானதும், விளக்கு வைக்கும் நேரத்தில் பையனை உள்ளே உட்காரவைத்து, என்ஜின் ஓடாமல், பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் தெருக்கோடி வரை நடந்துபோய்த் திரும்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவாகச் சிவப்புத் தெரிந்தால், தாராளமாக மலையேறலாம்.