ஞானத்தின் முதற்கதிர்

இடம்பெயர்ந்த எமக்கு அச்சம் புதிய பாடமல்ல. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தைவிட்டு மழையில் நடந்தவர்களுக்கும், 2009 இல் முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து உயிரை மட்டும் கொண்டு வந்தவர்களுக்கும் அச்சம் என்றால் என்னவென்று எவரும் கற்பிக்கத் தேவையில்லை. கடவுளுக்கு அஞ்ச வேண்டும் என்று பிரசங்கத்தில் கேட்கும்போது, "இன்னுமொரு அச்சமா?" என்று மனம் சலித்துக்கொள்வதும் இயல்பே. ஆகவே வேதாகமம் சொல்லும் இறையச்சம் எத்தகையது என்பதைச் சற்று ஆறுதலாக நோக்குவோம்.

ஷெல்லுக்கு அஞ்சியவர்கள் ஓடினார்கள். அந்த அச்சம் உயிரைக் காத்தது. ஆனால் நின்று சிந்திக்க விடவில்லை. வேதாகமத்தின் எபிரேய மொழியிலுள்ள 'யிரா' என்ற சொல் அச்சத்தையும் பயபக்தியையும் ஒருங்கே குறிக்கும். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சூடடிக்கும் களத்தில் இறங்கிய எம் முதியவர்களை நினைத்துப் பாருங்கள். நெல் அவர்களை அடிக்கப்போவதில்லை. எனினும் தம்மிலும் பெரிய ஒன்றின் முன் நிற்கிறோம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். இறையச்சமும் இந்த வகையைச் சேர்ந்ததே. அது மனிதனை நிறுத்திச் சிந்திக்கச் செய்கிறது.

முதலில் எடுத்து வைப்பது

ஞானம் எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கு, இறைவன் முன் கொள்ளும் பயபக்தியில் என்று நீதிமொழிகள் நூல் தன் முதலாம் அதிகாரத்திலேயே விடை சொல்கிறது. அங்கே தொடக்கத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'ரேஷித்'. விளைச்சலில் முதலில் எடுத்து இறைவனுக்குப் படைக்கும் பங்குக்கும் இதே சொல்தான் வழங்குகிறது. எமது ஊர்களில் புதிர் எடுப்பதை ஒத்தது அது. முதற்கதிரை எடுத்து வைத்த பின்னரே மிகுதியை வீட்டுக்குக் கொண்டுபோவோம். பயபக்தியும் அவ்வாறே முதலில் வைக்கப்பட வேண்டியது. கணக்கும் திட்டமும் கெட்டித்தனமும் அதன் பின்னால் வரவேண்டியவை.

உபாகமம் 26 ஆம் அதிகாரத்தில் இந்த முதற்பலன் காணிக்கை விவரிக்கப்படுகிறது. கூடையைக் கொடுக்கும் கமக்காரன் தன் நிலத்தின் பெருமையை அங்கே பேசுவதில்லை. தன் மூதாதை அலைந்து திரிந்தவன், அந்நிய நாட்டில் தங்கியவன், அங்கே ஒடுக்கப்பட்டவன் என்பதை வாய்விட்டுச் சொல்கிறான். பின்பு தன்னிடையே வாழும் அந்நியனோடும் சேர்ந்து அந்த விளைச்சலில் மகிழ்கிறான். இடம்பெயர்ந்த கதை அவனுக்கு வெட்கமாக இருக்கவில்லை. அதுவே அவனது வழிபாடாயிற்று.

எருசலேமில் ஈடு போன காணிகள்

இறையச்சம் நடைமுறையில் எப்படி ஞானமாகிறது என்பதற்கு நெகேமியா நூலின் 5 ஆம் அதிகாரத்தைப் போல எமக்கு நெருக்கமான பகுதி வேறில்லை. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனோரின் சந்ததியார் ஊர் திரும்பியிருந்தார்கள். கி.மு. 445 அளவில் நெகேமியா ஆளுநராக வந்து, இடிந்த நகர மதிலைக் கட்டத் தொடங்கினார். 52 நாட்களில் அம் மதில் முடிந்தது. ஆனால் அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதே, மதிலுக்குள்ளே இன்னொரு இடிபாடு வெளிப்பட்டது.

மக்களும், குறிப்பாக அவர்களுடைய மனைவிமாரும், கூக்குரலிட்டார்கள். சிலருக்குப் பிள்ளைகள் அதிகம், தானியம் இல்லை. சிலர் பஞ்சத்தில் தானியம் வாங்குவதற்காக வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் ஈடு வைத்திருந்தார்கள். வேறு சிலர் அரசனின் வரியைக் கட்டக் கடன்பட்டிருந்தார்கள். பிள்ளைகளை அடிமைகளாகக் கொடுக்கும் நிலை வந்தது. கடன் கொடுத்தவர்கள் பகைவர்களல்லர். அதே இனத்தவர், அதே ஆலயத்தில் வணங்கியவர்.

நெகேமியாவுக்குக் கோபம் வந்தது. எனினும் உடனே பாயவில்லை. முதலில் மனதிற்குள் ஆலோசித்தார் என்று நூல் சொல்கிறது. பின்பு பெரியோரையும் அதிகாரிகளையும் பொதுச் சபையின் முன் நிறுத்தி, கடவுளுக்கு அஞ்சி நடக்க வேண்டாமா என்று கேட்டார். தாமும் தம் சகோதரரும் பணமும் தானியமும் கடன் கொடுத்திருப்பதை அவர் மறைக்கவில்லை. வட்டியை விடுவோம், காணியையும் வீட்டையும் இன்றைக்கே திருப்பிக் கொடுப்போம், வாங்கிய நூற்றிலொரு பங்கையும் கொடுத்துவிடுவோம் என்றார். அவர்கள் இணங்கியபோது வாய்ச்சொல்லோடு நிற்கவில்லை. குருக்களை அழைத்துச் சத்தியம் செய்வித்தார்.

தம் பங்கிலும் அவர் அதைக் கைக்கொண்டார். முன்னிருந்த ஆளுநர்கள் மக்களிடம் உணவோடு 40 வெள்ளிச் சேக்கலும் வாங்கினார்கள். நாளாந்தம் 150 பேர் தம் பந்தியில் உண்டபோதிலும், நெகேமியா 12 ஆண்டுகளாக அந்த ஆளுநர் படியைத் தொடவில்லை. காரணம் கடவுளுக்கு அஞ்சியமையே என்று அவரே எழுதுகிறார். மக்கள் மேலிருந்த பாரம் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. பயபக்தி அவர் கண்ணைத் திறந்து வைத்திருந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கடவுளுக்கு அஞ்சுங்கள் என்ற சொல் கடன்பட்ட பெண்களை அடக்குவதற்குச் சொல்லப்படவில்லை. கடன் கொடுத்தவர்களை நோக்கியே சொல்லப்பட்டது. லேவியராகமத்திலும் இதே முறையைக் காண்கிறோம். செவிடனைத் திட்டாதே, குருடன் முன் தடுக்கலை வைக்காதே, காணி விற்கும்போது ஏமாற்றாதே, வறியவனிடம் வட்டி வாங்காதே என்று சொல்லுமிடங்களில் கடவுளுக்கு அஞ்சு என்ற நினைவூட்டலும் சேர்ந்தே வருகிறது. செவிடனுக்குத் திட்டு கேட்காது, குருடனுக்குக் கல் தெரியாது. கேட்பவரும் காண்பவரும் ஒருவர் உண்டு என்பதே இறையச்சம்.

எங்கள் வேலியும் எங்கள் கடனும்

2009 இல் போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் நிறுவனங்கள் பெருகின. வாராந்தத் தவணையைக் கட்ட முடியாமல் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடனை எடுத்த பெண்கள் பலர். 2018 இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. கூக்குரல் எழுந்ததாலேயே அது கேட்கப்பட்டது. எருசலேமின் பெண்களைப் போல எம் பெண்களும் பேசியது பாவமல்ல.

ஆனால் எம்மிடையேயும் கேள்வி உண்டு. அயலவர் வெளிநாட்டிலோ வேறு மாவட்டத்திலோ இருக்கிறார், உறுதி தொலைந்துபோயிற்று, வேலி உக்கிவிட்டது. புதிதாக அடைக்கும்போது கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? பழைய எல்லையைத் தள்ளுவதையும் தகப்பனற்ற பிள்ளைகளின் வயலுக்குள் புகுவதையும் நீதிமொழிகள் நூல் விலக்குகிறது. அவர்களுக்காக வழக்காடுபவர் வலிமையுள்ளவர் என்பதே அது சொல்லும் காரணம்.

போரினால் தம் காணி உரிமையைக் கோரமுடியாது போனவர்களுக்காக 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் சிறப்பு ஏற்பாடு செய்தது. அதன்கீழ் வழக்குத் தொடர 2 ஆண்டுகளே கொடுக்கப்பட்டன. சட்டத்தின் தவணை முடியலாம். அயலவரின் உரிமையை மதிக்கும் கடமைக்குத் தவணை கிடையாது.

வாய்க்காலில் எம் முறைக்கு மேல் ஒரு மணிநேரம் தண்ணீர் கட்டுவதும், வாங்கும்போது ஒரு படியும் விற்கும்போது இன்னொரு படியும் வைத்திருப்பதும் இதே கணக்கில் அடங்கும். இவற்றில் வருகின்ற இலாபம் சிறிது. இழக்கின்ற நம்பிக்கை பெரிது. மீளக்குடியேறிய ஊரில் விதைநெல் கடன் கேட்கவும், சாமத்தில் நோயாளியைக் கொண்டுபோகவும் அயலவரே துணை. அவரை இழப்பவன் கெட்டிக்காரனாக இருக்கலாம்; ஞானியாக மாட்டான்.

இன்னும் தம் காணிக்குத் திரும்பாத குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு இறையச்சம் வெறும் பொறுமைப் பாடமல்ல. காணியைக் கேட்கும் உரிமையும், பிறர் காணியில் கைவைக்காத நேர்மையும் ஒரே வேரில் நிற்கின்றன. நிலம் இறைவனுடையது என்று லேவியராகமம் சொல்லும்போது, பறித்தவனுக்கும் பறிகொடுத்தவனுக்கும் சேர்த்தே சொல்கிறது.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் ஆளில்லாமற் கிடக்கும் காணிகளின் எல்லையைப் பாதுகாக்க நாம் கூட்டாக என்ன செய்யலாம்?

2. அறாவட்டிக்குக் கடன்படும் குடும்பங்களுக்காகக் கமக்காரர் அமைப்போ மாதர் சங்கமோ விதைநெல் சேமிப்பு ஒன்றைத் தொடங்க முடியுமா?

3. நெகேமியாவைப் போல, எம் பொறுப்பிலிருப்பவர்கள் எந்தச் சலுகையைத் தாமாக விட்டுக்கொடுக்கலாம்?

4. அடுத்த காலபோக அறுவடையில், எமது ஊருக்குப் புதிதாக வந்து காணியின்றி இருக்கும் குடும்பத்துக்கு முதற்கதிரில் பங்கு உண்டா?