மாகாணம் அழைத்தால் கனடா!

குடியேற விரும்புபவர்களைப் புள்ளிகளின் அடிப்படையில் தேர்ந்தெடுக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில், வயது 30-ஐத் தொட்டதுமே ஆண்டுக்கு ஆண்டு புள்ளிகள் குறையத் தொடங்கும். பொதுச் சுற்றுகளிலோ அழைப்புக்கான கட்-ஆஃப் 500-ஐத் தாண்டிவிட்டது. நல்ல படிப்பும் அனுபவமும் இருந்தும் கட்-ஆஃபை எட்ட முடியாமல் காத்திருக்கும் இந்தியர்கள் ஏராளம். இவர்களுக்கு இருக்கும் முக்கியமான மாற்று வழி, பி.என்.பி. எனப்படும் மாகாணப் பரிந்துரைத் திட்டம்.

குடியேறுபவர்கள் எல்லோரும் டொரோண்டோ, வான்கூவர், மாண்ட்ரியல் என்று பெருநகரங்களிலேயே குவிந்ததால், ஆள் கிடைக்காமல் தவித்தன மற்ற மாகாணங்கள். தங்களுக்கு வேண்டியவர்களைத் தாங்களே தேர்ந்தெடுக்க அவை கேட்ட உரிமைதான் இந்தத் திட்டமானது. 1998-ல் மானிடோபா முதலில் இறங்கியது. இன்று கியூபெக், நுனாவுட் தவிர மற்ற எல்லா மாகாணங்களிலும் ஆட்சிப் பகுதிகளிலும் இது உண்டு. கியூபெக்குக்குத் தனித் தேர்வுமுறை இருக்கிறது.

எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாக மாகாணப் பரிந்துரை கிடைத்தால் 600 புள்ளிகள் கூடும்; அதன்பின் அழைப்பு ஏறக்குறைய உறுதி. ஆனால், பரிந்துரை மட்டுமே பி.ஆர். எனப்படும் நிரந்தர வசிப்புரிமை ஆகிவிடாது. உடல்நலம், குற்றப் பின்னணி ஆகியவற்றைச் சோதித்து இறுதி முடிவு எடுப்பது மத்திய அரசு.

மாகாணம் எதைப் பார்க்கிறது? ‘இவர் இங்கேயே தங்குவாரா’ என்பதைத்தான். அதனால்தான் அங்கே உறவினர் இருப்பதற்கும், முன்பு படித்ததற்கும், வேலை பார்த்ததற்கும் மானிடோபா மதிப்புக் கொடுக்கிறது. பி.ஆர். கிடைத்தபின் எந்த மாகாணத்திலும் வாழ கனடாவின் உரிமைச் சாசனம் அனுமதிக்கிறது. அதை நம்பி, தங்கும் எண்ணமே இல்லாமல் விண்ணப்பிப்பது ஆபத்து. பொய்த் தகவல் என்று நிரூபணமானால் ஐந்து ஆண்டுத் தடை.

இடங்களும் நிலையாக இருப்பதில்லை. 2024-ல் 1,10,000 ஆக இருந்த பி.என்.பி. இலக்கை, 2025-க்கு 55,000 ஆகப் பாதியாக வெட்டியது மத்திய அரசு. அதனால், கனடாவில் ஏற்கெனவே வேலை பார்ப்பவர்களுக்கே மாகாணங்கள் முன்னுரிமை தந்தன. இந்தியாவில் இருந்தபடி விண்ணப்பிப்பவர்களுக்கான வாய்ப்பு சுருங்கியது.

இந்த நெருக்கடிதான் ஏஜென்ட்டுகளுக்கு அறுவடைக் காலம். ‘600 புள்ளி கியாரண்டி’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பரிந்துரை விலைக்குக் கிடைக்கும் சரக்கல்ல. ஆலோசகர் வேண்டுமென்றால், அவருடைய உரிம எண்ணைக் கனடாவின் ஆலோசகர் ஒழுங்குமுறை அமைப்பின் பட்டியலில் சரிபாருங்கள். அதற்கும் முன்னால், உங்கள் தொழிலுக்கு எந்த மாகாணத்தில் தேவை இருக்கிறது, அந்த ஊர்க் குளிரிலும் சம்பளத்திலும் குடும்பத்தோடு வாழ முடியுமா என்று பாருங்கள். முடியும் என்று தோன்றினால் மட்டும் விண்ணப்பியுங்கள்.