பழைய கணினி இருக்கட்டும், பழைய மென்பொருள் வேண்டாம்

தாராவியின் தோல் பட்டறைகளிலும் மாட்டுங்கா, செம்பூர்க் கடைகளிலும் பழைய கணினிகள் பல இன்றும் உழைக்கின்றன. ஊதியப் பட்டியலும் ரசீதுகளும் அவற்றின் வழியே வெளியே செல்கின்றன. கணினி பழையதாய் இருக்கலாம். கோப்பை அனுப்பும் மென்பொருள் பழையதாய் இருத்தலாகாது.

எஃப்.டி.பி. எனும் கோப்புப் பரிமாற்ற நெறிமுறையை 1971-இல் வகுத்தவர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அபய் பூஷண். அம்முறையில் கடவுச்சொல், அஞ்சலட்டையில் எழுதியதுபோல் மறைவின்றிச் செல்கிறது. தொலைவிலுள்ள கணினியை இயக்கும் டெல்நெட்டும் அவ்வாறே. பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவுபோனதையடுத்து, 1995-இல் டாட்டு யூலோனென் எஸ்.எஸ்.எச். முறையை உருவாக்கினார். அதன்மீது அமைந்த எஸ்.எஃப்.டி.பி., கோப்பையும் கடவுச்சொல்லையும் குறியாக்கம் செய்து அனுப்புகிறது.

மாற்றுவது எளிது. முதலில் கோப்புகளுக்கு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மறுமுனைச் சேவையகம் எஸ்.எஃப்.டி.பி.யை ஏற்கிறதா எனக் கேட்டறியுங்கள். வின்எஸ்சிபி போன்ற இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே பதிவிறக்கி, சிறு கோப்பொன்றை அனுப்பிச் சோதியுங்கள். பிறகு பழைய மென்பொருளை நீக்கிக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

இதனால் எல்லா இடரும் தீர்ந்துவிடாது. விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-இல் நிறுத்தியது. அத்தகைய கணினியில் இணைய வங்கிச் சேவையைத் தவிர்ப்பதே நன்று. வங்கியின் பெயரைச் சொல்லித் தொலைபேசியில் எவர் மென்பொருளை நிறுவச் சொன்னாலும் இணங்காதீர்கள்.