ஊர்வலம் நிற்கும் இடங்கள்

சிதம்பரத்தில் ஆனியிலும் மார்கழியிலும் பத்து நாள் உற்சவம். முதல் எட்டு நாள் உற்சவ மூர்த்திகள்தான் வீதியுலா வருவார்கள். ஒன்பதாம் நாள் சித்சபையிலிருந்து மூலவர் நடராசரே இறங்கி வந்து தேரேறிவிடுவார். மற்றச் சிவன் கோயில்களில் பொதுவாக மூலவர் கருவறையை விட்டு நகர்வதில்லை. இங்கே ஆடுகிற கால் வீதிக்கும் வருகிறது.

பிள்ளையார், முருகன், நடராசர், சிவகாமசுந்தரி, சண்டிகேசுவரர் என ஐந்து தேர்கள். முன்னால் பெண்கள் வீதியைக் கூட்டிக் கோலமிட்டபடி போவார்கள். கீழ வீதியில் புறப்படும் தேர்கள் தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி சுற்றி நிலைக்கு வருவதற்குள் ஒரு பகலே போய்விடும். நடந்தால் சிறிது நேரத்தில் சுற்றிவிடலாம். தேருக்கு ஏன் இவ்வளவு தாமதம்? கனம் ஒரு காரணம். வழியில் நின்றாக வேண்டிய மண்டகப்படிகள் இன்னொன்று.

மேல வீதி கஞ்சித்தொட்டி முனையில் நிற்பது முக்கியமானது. பருவதராசகுல மீனவர்கள் அங்கே சுவாமிக்கும் அம்மனுக்கும் பட்டு சாத்திப் படையல் வைப்பார்கள். பார்வதி பருவதராசன் மகள். ஆகவே அவர்களுக்கு இது பிறந்த வீட்டுச் சீர். அதை வாங்கிக்கொள்ளாமல் தேர் நகராது. கோயிலுக்குள் சென்று தரிசிப்பது பக்தி. சுவாமியைத் தங்கள் முனையில் நிறுத்துவது உரிமை.

அந்த உரிமை மதம் தாண்டியும் செல்லும். மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி புவனகிரி வழியாகக் கடலாடக் கிள்ளைக்கு வருகிறார். கிள்ளை தைக்காலில் தர்கா முன்பு பல்லக்கு நிற்கிறது. முஸ்லிம்கள் தட்டு வரிசையோடு எதிர்கொள்கிறார்கள். கோயில் மாலை தர்காவுக்குப் போகிறது; உள்ளே பாத்தியா ஓதப்படுகிறது. அதன் பிறகுதான் முழுக்குத்துறையில் தீர்த்தவாரி. அதே நாளில் கடலூர் தேவனாம்பட்டினத்துக்குச் சுற்றுவட்டாரச் சாமிகள் டிராக்டரிலும் மினி லாரியிலும் வந்து சேர்கின்றன.

அரசாங்கம் ஊர்வலத்தை வேறு கண்ணால் பார்க்கிறது. எந்த வழி, எத்தனை மணி, என்ன மேளம் என்பதே அதன் கவலை. வெள்ளைக்காரர் கொண்டுவந்த 1861ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின் 30ஆவது பிரிவு பொது வழியில் போகும் ஊர்வலங்களையும் இசையையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைப் போலீசுக்குக் கொடுத்தது. கூட்டம் நிற்கும் இடத்தை ஊர் வழக்கம் தீர்மானிக்கிறது. நிறுத்தப்படும் இடத்தைப் போலீஸ் தீர்மானிக்கிறது.

1965 ஜனவரி 27 அன்று நடந்தது இரண்டாவது வகை. இந்தித் திணிப்பை எதிர்த்து, சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் திரண்டு ஊர்வலம் போனார்கள். போலீஸ் மறித்தது, சுட்டது. மாணவர் இராசேந்திரன் உயிரிழந்தார். தமிழகம் முழுவதும் மாணவர்கள் கொதித்தெழுந்த அந்தப் போராட்டத்தின் முதல் பலிகளில் அவரும் ஒருவர். இரண்டே ஆண்டுகளில், 1967 தேர்தலில், காங்கிரஸ் தமிழகத்தில் ஆட்சியை இழந்தது.

இராசேந்திரனுக்கு அண்ணாமலை நகரில் சிலை இருக்கிறது. ஜனவரி 25, மொழிப்போர் தியாகிகள் நாள். கட்சிக்காரர்கள் அன்று கொடியோடு ஊர்வலமாக வந்து, சிலை முன் நின்று மாலை போடுகிறார்கள். அந்த ஊர்வலத்துக்கும் போலீஸ் அனுமதி வேண்டும்.