ஓலைக்கட்டும் பிடிஎஃப் கோப்பும்

மைசூரில் 1891-இல் தொடங்கப்பட்ட ஓரியண்டல் லைப்ரரிக்குத் தஞ்சாவூர் ஜில்லாப் பண்டிதர் ஒருவர் ஓலைச்சுவடி ஒன்றைக் கொடுத்தார். கிரந்த எழுத்து, வடமொழி நூல். நூலகர் ஆர். சாமசாஸ்திரி படித்துப் பார்த்தார். பெயர் மட்டும் தெரிந்து, நூல் அழிந்துவிட்டதென்று அறிஞர்கள் நினைத்திருந்த கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம்! 1905-இல் செய்தி வெளியே வந்தது. 1909-இல் மூலம் அச்சேறியது. 1915-இல் ஆங்கில மொழிபெயர்ப்பு நூலானது.

புதையல் கண்டெடுத்த கதையாகவே இதைச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ இது ஒரு நூலகரின் அன்றாட வேலை பலித்த கதை. வந்த சுவடியைப் பிரித்துப் படித்து, இன்ன நூல் என்று அடையாளம் கண்டு சொல்ல அங்கே ஓர் ஆள் இருந்தார்.

அன்று வாசகருக்குச் சிரமம் வேறு. நூலகத்துக்கு நேரில் போக வேண்டும். அட்டவணையில் தேடிச் சுவடிக்கட்டை எடுத்துத் தரச் சொல்லி, உட்கார்ந்து கையால் பெயர்த்தெழுத வேண்டும். எழுத்து மங்கியிருந்தால் மை தடவிப் படிக்க வேண்டும்.

1916-இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் பிறந்தது. இந்த நூலகம் அதன் அங்கமாகி, இப்போது கீழ்த்திசை ஆய்வு நிறுவனம். அர்த்தசாஸ்திரத்தின் பழைய அச்சுப் பிரதியை இன்று பேருந்தில் உட்கார்ந்தபடி போனில் இறக்கிவிடலாம். அதே ஊரில், மானசகங்கோத்ரியிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 2016-இல் தொடங்கிய பாரதவாணி தளத்தில் பல மொழி அகராதிகள் வீட்டுக்கே வருகின்றன.

வருவது பெரும்பாலும் பிடிஎஃப். அடோபி நிறுவனம் 1993-இல் வெளியிட்ட இந்த வடிவம் 2008-இல் உலகத் தரமானது. எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் குலையாது என்பதே அதன் பெருமை. ஆனால் ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம். எழுத்துணரி மென்பொருள் ஓட்டி, பிழை திருத்தி, படத்தின் அடியில் எழுத்தைச் சேர்த்தால்தான் உள்ளே தேட முடியும். நூற்பெயர், ஆசிரியர், ஆண்டு எல்லாம் கோப்பின் விவரப் பகுதியில் ஏற வேண்டும். அத்தியாயங்களுக்குக் குறி வைக்க வேண்டும். இல்லையென்றால் ‘ஸ்கேன்0047’ என்ற பெயரோடு கோப்பு தளத்தில் கிடக்கும். ஆயிரம் பக்கம் இருந்தும் ஒரு சொல் அகப்படாது. ஸ்கேனரைக் காசு கொடுத்து வாங்கலாம். சாமசாஸ்திரி செய்த வேலைக்கு இன்றும் ஆள்தான் வேண்டும்.

தமிழுக்குத் தனித் தொல்லை ஒன்று உண்டு. யூனிகோடு பரவுமுன் பாமினி முதலான எழுத்துருக்களில் தட்டிய நூல்கள் பிடிஎஃப்பில் அழகாகத்தான் தெரியும். ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தாகக் கொட்டும். கோப்பைத் தளத்தில் ஏற்றுவதற்கு முன்னால் இப்படி ஒரே ஒரு வரி ஒட்டிப் பார்த்தால் போதும், அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.