டாம்செல்: குடிமைச் சொல் இளமைச் சொல்லானமை

சொல் நிலைத்திருப்பப் பொருள் பெயர்ந்து செல்லுதல் மொழியின் இயற்கை. வடசென்னை மூலக்கொத்தளத்தில் இன்று கொத்தளம் இல்லை. 1758–59இல் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டு நீங்கிய பின்னர்க் கறுப்பர் நகரைச் சூழ எழுந்த மதிலின் மூலைக் கொத்தளம் மறைய, பெயர் மட்டும் எஞ்சியது. பிரெஞ்சு மொழி ஆங்கிலத்திற்கு ஈந்த 'டாம்செல்' என்னும் பழஞ்சொல்லும் இத்தகையதே. இதற்குக் 'கன்னி' என்று எளிதிற் பொருள் எழுதிவிடுகின்றோம். அது பொருந்துமா என ஈண்டு ஆராய்வோம்.

இலத்தீனில் 'தோமுஸ்' என்பது வீடு. வீட்டை ஆள்பவன் 'தோமினுஸ்', ஆள்பவள் 'தோமினா'. இதனோடு சிறுமைப்பொருள் விகுதி சேர்ந்து 'தோமினிகெல்லா' என்றாகி, பழைய பிரெஞ்சில் 'தமெய்செல்' எனத் திரிந்தது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் ஆங்கிலத்திற் புகுந்த பிரெஞ்சுச் சொற்கள் பலவற்றுள் இதுவும் ஒன்று. ஆகவே இதன் முதற்பொருள் இளந்தலைவி, அஃதாவது உயர்குடி இளம்பெண் என்பதே. இதன் ஆண்பாற் சொல்லாகிய 'தமுவாசோ' வீரப்பட்டம் பெறாத உயர்குடி இளைஞனைக் குறித்தது.

கன்னிமை இச்சொல்லின் இன்றியமையாக் கூறு அன்று. அதற்குச் சான்று இரண்டு. கன்னிமையைச் சுட்டப் பிரெஞ்சில் 'புசெல்' என்னும் வேறு சொல் இருந்தது. 15ஆம் நூற்றாண்டு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க் அப்பெயராலேயே வழங்கப்பெற்றார். மேலும், இவ்வடியிற் பிறந்த 'மதுமுவசேல்' 17ஆம் நூற்றாண்டில் மணமான பெண்டிர்க்கும் வழங்கியது. நாடகாசிரியர் மோலியேரின் மனைவியார் 'மதுமுவசேல் மோலியேர்' எனப்பட்டார். மணமாகாதவள் என்னும் பொருள் பின்னரே நிலைத்தது. மணம் பற்றிப் பெண்டிரை வேறுபடுத்தல் வேண்டா எனக் கருதிப் பிரெஞ்சு அரசு 2012இல் அதனை அலுவற் படிவங்களினின்று நீக்கியது.

தமிழில் பேதை முதற் பேரிளம்பெண் ஈறாகப் பாட்டியல் நூல்கள் கூறும் ஏழும் வயது பற்றியவை. டாம்செலின் முதற்பொருளுக்கு அவை நேராகா. தொல்காப்பியம் ஆளும் 'கிழத்தி' என்பதே அதனை நெருங்குவது. கிழமை என்பது உரிமை, கிழத்தி உரிமையுடையாள். அதன் இணையாகிய 'கிழவன்' அந்நூலில் தலைவன், இன்றோ முதியவன். தலைமை குறித்த சொல் ஆங்கிலத்தில் இளமையின்பாலும் தமிழில் முதுமையின்பாலும் சென்றமை காண்க.

எனவே, இடைக்கால ஐரோப்பியக் கதைகளைப் பெயர்ப்போர் குடிமை தோன்றுமிடத்துத் 'தலைமகள்' என்றும், பிற்கால வழக்கில் 'மடந்தை' என்றும் ஆளுதல் தகும். யாண்டும் 'கன்னி' என்பது, அச்சொல் வந்தடைந்த இடத்தையே அது புறப்பட்ட இடமாகக் கொள்வதாய் முடியும்.