குழந்தை விளையாட்டும் குடும்ப நலமும்

விளையாட்டென்பது வேலையற்றோர் செயல் என்றே நம்மில் பலர் கருதுகின்றனர். பொறுப்பற்றவனை ‘விளையாட்டுப் பிள்ளை’ என்று பழிப்பதும் நம் வழக்கம். ஆயின் மூன்று வயதுக்குட்பட்ட மகவுக்கு விளையாட்டே கல்வி. அதனின் வேறாய கல்வி அதற்கில்லை. டப்பாவின் மூடியைத் திறந்து மூடியும், மணலை அள்ளிக் கொட்டியும், தாய் தன் முகத்தை முந்தானையால் மறைத்துக் காட்டக் கண்டு நகைத்தும் அது பொருள்களின் இயல்பையும், சொற்களின் பயனையும், பிறரை நம்பும் நெறியையும் கற்கின்றது. இக்கல்விக்கு முதலாசிரியர் தாயே. அத்தாய்க்கு ஓய்வும் துணையும் இல்லாதபோது என்செய்வது? இதனைச் சிறிது ஆராய்வோம்.

நம் நகரின் வடபாலுள்ள இராயபுரத்தை எடுத்துக்கொள்வோம். தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி 1856ஆம் ஆண்டில் புறப்பட்டது இங்கிருந்தே. துறைமுகமும், பண்டகசாலைகளும், காசிமேட்டு மீன்பிடி துறைமுகமும் சூழ்ந்த இப்பகுதியில் உழைப்பு இரவு பகல் பாராது. காசிமேட்டில் மீன் ஏலம் பொழுது புலருமுன்னரே தொடங்கிவிடும். ஏலத்தில் மீனெடுத்துக் கூடையிற் கொண்டுபோய் விற்கும் பெண் வீடு திரும்பும்போது வெயில் ஏறிவிடும். அதுவரை குழந்தை பாட்டியிடமோ, தமக்கையிடமோ, அண்டை வீட்டாரிடமோ இருக்கும். ஓரறையே வீடாகவுள்ள குடும்பங்களில் தவழும் பிள்ளைக்கு இடமேது? இத்தாய்மாரிடத்து அன்பு குறைவன்று. பொழுதும் இடமும் துணையுமே குறைவு.

இவ்வகைக் குடும்பங்களுக்கென ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் அரசாங்கப் பொருளுதவியுடன் ‘துணையுள்ள விளையாட்டுக் குழுக்கள்’ நடைபெறுகின்றன. சில குடும்பங்கள் வாரந்தோறும் ஓரிடத்திற் கூடும். குழந்தை வளர்ச்சியிற் பயிற்சி பெற்ற ஒருவர் அவர்களுடன் இருப்பார். இது பிள்ளையை விட்டுச்செல்லும் காப்பகமன்று; தாயும் உடனிருத்தல் வேண்டும். பயிற்சி பெற்றவர் சொற்பொழிவாற்றுவதில்லை. தரையில் அமர்ந்து குழந்தையுடன் விளையாடுகின்றார். தாய் அதனைக் கண்டு தானும் செய்கின்றாள். ஓசை கேட்டும் திரும்பாத குழந்தை, உரிய காலத்தில் நடவாத குழந்தை ஆகியோரை அவர் கண்ணுற்று மருத்துவரிடம் அனுப்புவார். வீட்டிலே அடியுண்டு வாய்திறவாதிருக்கும் தாயின் துன்பமும் இத்தகைய கூட்டத்தில்தான் பலகாலும் வெளிப்படும்.

நிற்க. ஏழைச் சிறார்க்கு விளையாட்டிடம் வேண்டுமென்னும் கருத்து நமக்குப் புதிதன்று. உரோமாபுரியில் சான் லொரென்சோ என்னும் தொழிலாளர் குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் தனித்துத் திரிந்த பிள்ளைகளுக்காக 1907இல் மரியா மாண்டிசோரி அம்மையார் ‘குழந்தைகள் இல்லம்’ தொடங்கினார். அவரே 1939இல் நம் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். மராட்டிய நாட்டுக் கடற்கரை ஊராகிய போர்டியில் 1945இல் தாராபாய் மோடக் அம்மையாரும் அனுதாய் வாக் அம்மையாரும் சிறுவர் பள்ளி நடத்தினர். பழங்குடிச் சிறார் பள்ளிக்கு வாராமை கண்டு, அவர்கள் வாழும் குடிசைகளின் முற்றத்திற்கே பள்ளியைக் கொண்டுசென்றனர். ‘அங்கன்வாடி’ என்னும் பெயரிலுள்ள ‘அங்கன்’ முற்றத்தையே குறிக்கும். பிள்ளை வாராவிடத்துப் பள்ளியே பிள்ளையிடம் செல்லவேண்டுமென்பது அவர்கள் காட்டிய நெறி.

1975 அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடெங்கும் 33 இடங்களில் தொடங்கப்பெற்றது. 1982இல் நம் மாநிலத்தில் சத்துணவுத் திட்டமும் ஏற்பட்டது. இன்று தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன. சென்னை மக்கள் இவற்றைப் ‘பால்வாடி’ என்பர். இங்கே பிள்ளைகள் உண்கின்றனர். ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்னும் பாடத்திட்டத்தின்படி ஆடியும் பாடியும் கற்கின்றனர். இஃது எளிய பேறன்று. ஆயினும் இரண்டு வயது நிரம்பாத மகவுக்கும் அதன் தாய்க்கும் இந்நிலையத்தொடு பெரும்பாலும் உள்ள உறவு யாது? எடை பார்த்தல், தடுப்பூசி, வீட்டுக்கு எடுத்துச்செல்லும் சத்துமாவு ஆகியவையே. ஒரே பணியாளர் முப்பது பிள்ளைகளையும் பார்த்து, பதிவேடும் கைப்பேசிப் பதிவும் எழுதும்போது, ஒரு தாயுடன் அமர்ந்து பேச அவருக்குப் பொழுது ஏது?

உடலுக்குச் சோறிட்டாற் போதாதோ எனச் சிலர் வினவலாம். ஜமெய்க்கா தீவின் கிங்ஸ்டன் நகரில் 1986இல் தொடங்கிய ஆராய்ச்சி இதற்கு விடை தருகின்றது. வளர்ச்சி குன்றிய 129 ஏழைக் குழந்தைகளை அதிற் சேர்த்தனர். ஒரு சாராரின் வீட்டுக்குச் சுகாதார ஊழியர் வாரம் ஒருமணி நேரம் சென்று, வீட்டுப் பொருள்களாற் செய்த விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு பிள்ளையுடன் விளையாடும் முறையைத் தாய்க்குக் காட்டினார். இது இரண்டு ஆண்டுகள் நடந்தது. இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அப்பிள்ளைகள் ஏனையோரினும் நூற்றுக்கு 25 பங்கு மிகுதியாகப் பொருள் ஈட்டினர். உணவு மட்டும் பெற்றோரிடம் இத்தகைய நெடும்பயன் காணப்படவில்லை. நம் ஒடிசா மாநிலச் சிற்றூர்களில் இம்முறையைச் சோதித்து 2020இல் முடிவு வெளியிட்டனர். வீடுவீடாகச் செல்வதும் தாய்மாரை ஓரிடத்திற் கூட்டுவதும் ஒத்த பயனையே தந்தன. கூட்டுவதற்கோ செலவு மிகக் குறைவு. மூன்று வயதுக்குட்பட்டோர்க்கென ‘நவசேதனா’ என்னும் வழிகாட்டி நூலை மத்திய அரசாங்கமும் 2024இல் வெளியிட்டுள்ளது. ஆகவே அறிவும் உண்டு, ஆணையும் உண்டு, வேண்டுவது அமைப்பே.

இராயபுரத்தில் இது பயன்தர வேண்டுமாயின் மூன்று செய்திகளைக் கருதவேண்டும். முதலாவது, காலம். மீன் விற்கும் தாய் காலை பத்து மணிக்கு வரமாட்டாள். விற்றுமுடித்துச் சற்றே கண்ணயர்ந்து எழுந்த மாலைப்பொழுதே அவளுக்கு ஏற்றது. மீன்பிடித் தடைக்காலமாகிய ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வருவாய் குன்றி வீட்டிற் பூசல் மிகும். அப்போது குழு இருமடங்கு வேண்டப்படும். இரண்டாவது, யார் வருவது? பிள்ளையைப் பகலெல்லாம் வைத்திருப்பவள் பாட்டியாயின் பாட்டியையும் அழைக்கவேண்டும்; தந்தைக்கும் கதவு திறந்திருத்தல் வேண்டும். மூன்றாவது, மானம். ‘ஏழைக் குடும்பங்களுக்கு’ என்று பலகை தொங்கவிட்டால் ஒருவரும் வாரார். தெருவார் யாவரும் வரலாமென்று சொல்லி, மிக வேண்டியவரைப் பணியாளர் தாமே சென்று அழைத்தல் தகும்.

பெருஞ்செலவு எதுவும் இதற்கு வேண்டா. மாலையில் ஓய்ந்திருக்கும் பால்வாடிக் கட்டிடம், இரண்டு பாய், வெற்று டப்பாக்கள், துணிப்பந்து, சில படங்கள் இவை போதும். பயிற்சி பெற்ற பெண் ஒருத்திக்கு மட்டும் உரிய ஊதியம் தவறாது தரவேண்டும். தொண்டென்று சொல்லி அதனைக் குறைத்தல் முறையன்று. கற்றவராகிய நாம் சாமான் செய்து கொடுக்கலாம். வரும் தாய்மாரின் மூத்த பிள்ளைகளுக்கு அந்நேரத்திற் பாடம் சொல்லலாம். ஆனால் தாய்க்குத் தாய்மை கற்பிக்க வந்தோமென்று எண்ணிச் செல்வோமாயின் அவ்வாயிலிலேயே திரும்பிவிடுதல் நன்று. தன் பிள்ளையை அவளினும் அறிந்தார் அங்கே ஒருவருமிலர்; அவளுக்கு இல்லாதது வாரத்தில் இரண்டு மணி நேரமே.